சின்னவளின் துண்டு

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவனைக் கட்டியவள் பெரியவள், இளையவனைக் கட்டியவள் சின்னவள். மாமியார் முதற்கொண்டு பால் போடுகிறவர் வரை எல்லோரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இது பெரியவளின் கதை. அவளைக் கேட்டால் சின்னவளின் கதை என்பாள். எல்லாவற்றையும்தான் அவள் தட்டிக்கொண்டு போகிறாளே, இதை மட்டும் ஏன் விடுவாள் என்று ஒரு பெருமூச்சும் விடுவாள்.

பெரியவளுக்கு முப்பத்தாறு வயது. பெண்களுக்கான ஒரு அழகு நிலையத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை. அதற்கு முன்பு ஒரு தையல் கடையில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். பார்லருக்குக் கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். புருவத்துக்கு நூல் போடுவதை ஓரக்கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டாள். பழகுவதற்கு யார் முகம் கொடுப்பார்கள்? வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தன் முழங்காலிலேயே பழகினாள். அந்த இரண்டு மாதமும் அவள் கால் திட்டுத் திட்டாகச் சிவந்து கிடந்ததைப் பார்த்து, மூட்டைப்பூச்சி என்று நினைத்து அவள் கணவன் கட்டிலுக்கெல்லாம் மருந்து அடித்தான்.

பிறகு கை வந்துவிட்டது. நூலின் ஒரு முனை பல்லில், மறுமுனை இடது கையில், நடுவில் வலது கை விரல்கள் நூலை முறுக்கி விரித்துச் சுருக்கும். டிக் டிக்கென்று சத்தம் கேட்கும், புருவம் வளைந்து நிற்கும். வலிக்கப்போகிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டவர்கள் கண்ணைத் திறக்கும்போது வேலை முடிந்திருக்கும். அதனால்தான் முதலாளியம்மா அவளுக்கு முன் நாற்காலியைக் கொடுத்தாள்.

முன் நாற்காலி என்றால் சும்மா இல்லை. பார்லரில் மூன்று நாற்காலிகள். உள்ளே இரண்டு, தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்று. போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படுவது அதுதான். முதல்முறை வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள், கல்யாணப் பெண்கள் அங்கேதான் உட்காருவார்கள். அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவள்தான் அந்தக் கடையின் கை. பெரியவளுக்கு வீட்டில் சொந்தமாக ஒரு அலமாரி கிடையாது, கணவன் வீட்டில் அவள் சொல்லுக்குப் பெரிய மதிப்பும் கிடையாது. அந்த நாற்காலி ஒன்றுதான் அவளுடையது. அதை இழந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

இப்படி இருக்கும்போதுதான் சின்னவள் கல்யாணமாகி வந்தாள். இருபத்தாறு வயது, உரித்த முட்டை மாதிரி முகம். ஒரு புள்ளி, ஒரு வடு, ஒரு எண்ணெய்ப் பளபளப்பு கிடையாது. தூங்கி எழுந்து வரும்போதே குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்றதும், அவளைப் பார்லரில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் அவளுக்குத் தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

சின்னவளின் வேலை சுமார்தான். ஒரு புருவத்துக்கும் மறு புருவத்துக்கும் கொஞ்சம் சண்டை இருக்கும். ஆனால் வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். "உனக்கு மட்டும் எப்படிம்மா இப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் பண்றதில்லங்க, தண்ணியில கழுவுவேன்" என்பாள். தண்ணீரில் யார்தான் கழுவவில்லை? பெரியவள் என்ன மண்ணெண்ணெயிலா கழுவினாள்? அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

கண்ணாடியில் இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் தொழில் அது. தன் தாடையிலும் மேல் உதட்டிலும் இருந்த பூனைமுடி பெரியவளுக்கு முன்பெல்லாம் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அது ஒரு கம்பளி மாதிரித் தெரிந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை, வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, முகத்தின் கீழ்ப்பாதி முழுவதும் தனக்குத்தானே நூல் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஒருவருக்குப் போட்ட நூலை இன்னொருவருக்குப் போடமாட்டாள், அதில் அவள் கறார். தனக்கு என்று வரும்போது மட்டும் அந்தக் கறார் எங்கே போகுமோ தெரியாது. கடையில் போடும் மேலங்கியின் பையில் சுருண்டு கிடக்கும் மிச்ச நூலையே எடுத்துப் பல்லில் கடித்துக்கொள்வாள். முடித்ததும் எரிச்சலுக்கு ஈரத்துணியை வைத்து அழுத்தித் தேய்ப்பாள்.

ஒரு மாதத்தில் தாடையில் பரு வந்தது. பரு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நுனியில் மஞ்சளாகச் சீழோடு, தொட்டால் வலிக்கும் சின்னச் சின்னக் கட்டிகள். இந்த வயதில் பருவா என்று மாமியார் சிரித்தாள். பெரியவள் பருவுக்கான சோப்பு வாங்கினாள், பார்லரிலிருந்த சொரசொரப்பான பசையைப் போட்டுத் தேய்த்தாள், பற்பசை தடவினாள், கிள்ளினாள். மருந்துக்கடைக்காரர் ஒரு ட்யூப் கொடுத்தார். மூன்று நாள் முகம் பளிச்சென்று ஆனது, நான்காம் நாள் போனதெல்லாம் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. மறுபடி ட்யூப், மறுபடி மூன்று நாள். கட்டிகளுக்கு நடுவில் முடி தெரிந்தால் அதையும் விடாமல் நூல் போட்டு எடுத்தாள். இப்படியே ஆறு மாதம் ஓடியது.

ஒரு நாள் கல்யாணப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள். முன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரியவள் நூலைக் கடித்துக்கொண்டு குனிந்தபோது பெண்ணின் அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"வேற யாராவது இருக்காங்களா? தப்பா நினைக்காதீங்க. உங்க முகத்தையே உங்களால சரி பண்ணிக்க முடியல, கல்யாணத்தை வச்சுக்கிட்டு எனக்குப் பயமா இருக்கு."

முதலாளியம்மா உள்ளே பார்த்துச் சின்னவளைக் கூப்பிட்டாள். அன்று சாயங்காலமே, "கொஞ்ச நாள் நீ உள் நாற்காலியில இரு. முகம் சரியானதும் பாத்துக்கலாம்" என்றாள். பெரியவள் தலையை ஆட்டினாள். முன் நாற்காலிக்குப் பின்னால் சின்னவள் நிற்பதை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே அன்றைக்கு நாலு பேருக்குப் புருவம் போட்டாள். நாலும் கச்சிதமாக வந்தன, யாருக்கு வேண்டும்?

அதற்குப் பிறகு செய்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த முகத்துக்கு ஏதோ ரகசியம் இருக்கிறது, வெறும் தண்ணீர் என்று சொல்லி ஏமாற்றுகிறாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றிவிட்டது. குளியலறையில் சின்னவளுக்கு ஒரு தட்டு உண்டு. அதில் ஒரு நீல டப்பாவில் க்ரீம், கொக்கியில் ஒரு வெளிர்பச்சைத் துண்டு. வீட்டில் மற்ற எல்லோருக்கும் துண்டு பொது, சின்னவள் மட்டும் பிறந்த வீட்டுப் பழக்கம் என்று தனியாக வைத்திருந்தாள். தினமும் காலையில் அவள் குளித்துவிட்டு வந்ததும் பெரியவள் உள்ளே போவாள். தாழ்ப்பாள் போட்டதும் நீல டப்பாவில் விரலை விட்டு எடுத்துத் தாடையெல்லாம் பூசுவாள். பச்சைத் துண்டில் முகத்தைப் புதைத்துத் துடைப்பாள், அந்த வழவழப்பு கொஞ்சமாவது ஒட்டிக்கொள்ளாதா என்று. பிறகு மடிப்புக் கலையாமல் கொக்கியில் மாட்டிவிட்டு வருவாள். இப்படி ஒரு மாதம்.

ஒட்டியது வேறு பக்கத்துக்கு. ஆனால் அது பிறகு தெரிந்தது.

ஒரு காலையில் தாடை வீங்கிவிட்டது. வாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி பெரிதாகி, பல்லைச் சேர்க்க முடியவில்லை. பல்லைச் சேர்க்க முடியாதவள் நூலை எப்படிக் கடிப்பாள்? உள் நாற்காலியும் போய்விடும் என்ற பயத்தில்தான் அவள் தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் ஒரு வயதான பெண்மணி. அதிகம் பேசமாட்டார், பேசினால் கத்தரித்தாற்போல் இருக்கும். பிரச்சினை என்ன என்று கேட்டார்.

"ஏழு மாசமா பரு டாக்டர். எதுக்கும் மசிய மாட்டேங்குது."

"பருன்னு யாரு சொன்னா?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. யார் சொல்லவில்லை?

டாக்டர் விளக்கு வைத்த கண்ணாடியை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தார். "பருன்னா ஒரே முகத்துல பல தினுசா இருக்கும். கரும்புள்ளி இருக்கும், வாய் மூடின வெள்ளைப்புள்ளி இருக்கும், சீழ் இருக்கும். உங்களுக்குக் கரும்புள்ளி ஒண்ணுகூட இல்ல. நெத்தி சுத்தமா இருக்கு. தாடையைச் சுத்தி மட்டும் எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு முடி. அரிக்குதா, வலிக்குதா?"

"வலிதான். அரிப்பு அவ்வளவா இல்ல."

"அரிப்பு ஜாஸ்தியா இருந்தா பூஞ்சையான்னு யோசிக்கணும். இது பாக்டீரியா மாதிரி தெரியுது. முடி முளைக்கிற குழிக்குள்ள போய்க் குடித்தனம் பண்ணுது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள். மூன்று நாளைக்கு ஒருமுறை நூல், மிச்ச நூல், பல்லில் கடிப்பது, தேய்ப்பது எல்லாவற்றையும் டாக்டர் ஒவ்வொன்றாக வாயைப் பிடுங்கி வாங்கிவிட்டார். கைப்பையிலிருந்த ட்யூப்பையும் வாங்கிப் பார்த்தார்.

"முடியைப் பிடுங்கும்போது ஒவ்வொரு குழியும் புண்ணாகி வாயைத் திறந்துக்குது. அதுல நீங்களே கிருமியை வச்சுத் தேய்ச்சிருக்கீங்க. இந்த ட்யூப்புல ஸ்டீராய்டு இருக்கு. சிவப்பை அமுக்கும், கிருமியை வளர்க்கும். இதைத் தூக்கிப் போடுங்க."

ஒரு கட்டியிலிருந்து சீழைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மூக்குத் துளைக்குள்ளும் ஒரு குச்சி விட்டு எடுத்தார். சிலருக்குக் கிருமி மூக்கில் உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்ப முகத்துக்கு இறங்கி வருமாம். கிருமிநாசினித் திரவத்தில் முகம் கழுவ வேண்டும், களிம்பு இரண்டு வேளை, மாத்திரை பத்து நாள். நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. கிள்ளக் கூடாது. மூன்று மாதம் முகத்தில் நூலே படக் கூடாது. கடையில் நூலை வாயில் கடிக்காமல் கழுத்தில் சுற்றிக்கொள்ள வேண்டும். தலையணை உறையைச் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும்.

"துண்டு உங்களுக்குத் தனியா? வேற யாரோட துண்டு, க்ரீம் ஏதாவது தொடறீங்களா?"

"யாரோடதையும் தொடறதில்ல டாக்டர்" என்றாள் பெரியவள். கண்கூட இமைக்கவில்லை.

மூன்று நாளில் சோதனை முடிவு வந்தது. டாக்டர் சொன்ன கிருமிதான், கொடுத்த மாத்திரைக்கு அடங்குவதுதான். மூக்கிலும் இருந்ததால் அதற்கு ஐந்து நாள் தனிக் களிம்பு கொடுத்தார். வாரம் ஒன்றில் வீக்கம் வடிந்தது, மூன்றாவது வாரம் கட்டியெல்லாம் வற்றிக் கறுப்புத் தடங்கள் மட்டும் நின்றன. மேல் உதட்டில் பூனைமுடி தாராளமாக வளர்ந்தது. அவள் கணவன், "எனக்குப் போட்டியா?" என்று மீசையை முறுக்கிக் காட்டினான். வழக்கமாக இருந்தால் தட்டு பறந்திருக்கும். ஆனால் அவளுக்கு அப்போது நல்ல மனநிலை. காரணம் வேறு.

காரணம் சின்னவளின் தாடையில் இருந்தது. முதலில் இரண்டு, பிறகு ஐந்து, பிறகு ஒரு கைப்பிடி. எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முடி. அந்த வீட்டிலேயே, ஏன் அந்தத் தெருவிலேயே, அது பரு இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் பெரியவள். எப்படி வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்த கணத்தில் அவளுக்கு வருத்தம் வந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். வரவில்லை. உச்சி குளிர்ந்துபோனது. காய்கறி நறுக்கிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள், மாமியார் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

அந்த வாரமே முதலாளியம்மா நாற்காலியை மாற்றிவிட்டாள். பெரியவள் கண்ணாடிக்குப் பக்கத்தில், சின்னவள் உள்ளே தலை அலசவும் துண்டு மடிக்கவும். பெரியவள் நூலைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ராணி மாதிரி நின்றாள். உள்ளே சின்னவள் குனிந்து போவதைக் கண்ணாடியில் பார்ப்பதற்காகவே அடிக்கடி கண்ணாடியைத் துடைத்தாள்.

ஒரு காலையில் சின்னவள் குளியலறை வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த ட்யூப். டாக்டர் தூக்கிப் போடச் சொன்னதைப் பாதி இருக்கிறதே என்று பெரியவள் குளியலறைத் தட்டில் வைத்திருந்தாள்.

"அக்கா, இது போட்டுத்தானே உங்களுக்குச் சரியாச்சு? நான் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"எடுத்துக்கோ" என்றாள் பெரியவள்.

மூன்று நாள் சின்னவள் முகம் தெளிந்தது. "கை கண்ட மருந்துக்கா" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான்காம் நாள் திரும்பி வந்தது. பெரியவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். பதினோரு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. சின்னவளின் கன்னம் வரைக்கும் கட்டிகள் ஏறின. தாடையின் கீழே ஒன்று நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, சின்னவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து, விரலால் தடவித் தடவி வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள். வகிடு கோணலாக வந்தது. பெரியவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆறு மாதம் அவளும் அப்படித்தான் வாரியிருந்தாள், அதே சுவரைப் பார்த்து. அழுது தொலைத்தாலாவது பரவாயில்லை, இவள் அழவும் இல்லை. பெரியவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அந்த ட்யூப்பைக் குப்பையில போடு. புடவையை மாத்திக்கோ. டாக்டர்கிட்ட போறோம்" என்றாள்.

டாக்டர் விளக்குக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு பெரியவளைப் பார்த்தார். "உங்க முகத்துல பாத்த அதே படம். வீட்ல ஒரே துண்டா?"

"இல்ல டாக்டர், எனக்குத் தனித் துண்டு. யாரும் தொட மாட்டாங்க. க்ரீமும் தனிதான்" என்றாள் சின்னவள்.

"அப்போ உங்க பார்லர்லதான் ஏதோ சரியில்ல. ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே வேலை பாக்கறீங்க? நூல், துண்டு எல்லாத்தையும் நிறுத்திச் சோதிக்கச் சொல்லணும். நான் உங்க முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தர்றேன்."

அவர் பேனாவை எடுத்தார். கடிதம் போனால் கடையையே மூடவேண்டி வரும். நாற்காலி என்ன, கதவே இருக்காது. பெரியவள் கையை நீட்டிப் பேனாவைத் தடுத்தாள்.

"எழுதாதீங்க டாக்டர். அந்தத் துண்டுல நான்தான் தினமும் முகம் துடைச்சேன். அவ க்ரீமையும் எடுத்தேன். அந்த ட்யூப் கெடுதல்னு தெரிஞ்சும் நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு, சின்னவளுக்குப் பஞ்சுக் குச்சியை எடுத்தார். அந்தத் துண்டைச் சுடுதண்ணீரில் துவைக்கவும் க்ரீம் டப்பாவைத் தூக்கிப் போடவும் சொன்னார். நியாயம் பேச அவருக்கு நேரமில்லை, வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

பேருந்தில் சின்னவள் தள்ளிப் போய் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போனதும் வெடிக்கும் என்று பெரியவள் காத்திருந்தாள். பதில்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தாள். வெடிக்கவில்லை. சின்னவள் மாமியாரிடம் சொல்லவில்லை, புருஷனிடமும் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டாள், முகம் கழுவினாள், களிம்பு பூசினாள், பெரியவளுக்கும் சேர்த்துக் காபி போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். திட்டியிருந்தால் பெரியவள் திருப்பித் திட்டியிருப்பாள், கணக்கு நேராகியிருக்கும். இந்தக் காபியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முகத்தைப் பார்த்து எரிந்தவள் இப்போது அந்தக் காபியைப் பார்த்தும் எரிந்தாள்.

நான்கு நாள் கழித்து விஷயம் முதலாளியம்மாவின் காதுக்கு எட்டியது. டாக்டர் சீட்டைச் சின்னவள் பார்லரில் மறந்து வைத்துவிட்டாள். கடையைத் திறந்ததும் முதலாளியம்மா இருவரையும் நிற்க வைத்தாள்.

"இது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டறது. இங்க முகத்தைத் தொட்டுப் பிழைக்கிறோம். எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பெரியவள் முன் நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் முறை அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. சின்னவள் அவளைப் பார்த்தாள், பிறகு முதலாளியம்மாவைப் பார்த்தாள்.

"தப்பு என்மேலதான் மேடம். வீட்ல அக்கா துண்டை நான்தான் தெரியாம எடுத்துத் துடைச்சுட்டேன். அதுல ஒட்டிக்கிச்சு. கடைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அக்காவுக்கு எப்பவோ சரியாயிடுச்சு."

நாற்காலி தப்பித்தது. பெரியவளுக்கு மூச்சு வந்தது. அவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கதையும் நின்றிருக்கும்.

முதலாளியம்மாவின் முகம் இளகியது. சின்னவளின் தோளில் கையை வைத்தாள். "மறைக்காம சொன்னே பாரு, அதுதான் எனக்கு வேணும். இத்தனை வருஷத்துல இப்படி நேர்மையா ஒரு பொண்ணு இந்தக் கடையில நின்னதில்ல." பிறகு பெரியவளின் பக்கம் திரும்பினாள். "நீயும் பாத்துக் கத்துக்கோ."

பெரியவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பாத்துக் கத்துக்கவா? பன்னிரண்டு வருடம் நின்று கால் நரம்பு சுருண்டவளுக்கு இந்த வார்த்தையா? அழகும் அவளுக்கு, பெருந்தன்மையும் அவளுக்கு, பொய்யைச் சொல்லிவிட்டு நேர்மைக்கான பெயரும் அவளுக்கா? முகத்தில் கட்டியை வைத்துக்கொண்டே இவ்வளவு வாரிக்கொண்டு போகிறாளே, அது ஆறிய பிறகு என்ன மிச்சம் வைப்பாள்? மனசாட்சி உறுத்தியது என்று பெரியவளே பின்னால் இரண்டொருவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நம்பாதீர்கள். பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

"பொய் சொல்றா மேடம்" என்றாள். "துண்டு அவளோடது. திருடித் துடைச்சது நான். அவ க்ரீமுல கையை விட்டதும் நான்தான். எனக்கு என்ன நோய்னு தெரிஞ்ச பிறகும், இவளுக்கு அதேதான்னு தெரிஞ்ச பிறகும், இத்தனை நாள் சொல்லாம இந்த நாற்காலியில நின்னதும் நான்தான். அவ ஒண்ணும் நேர்மை இல்ல."

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள். சிரிப்பதா திட்டுவதா என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. கடைசியில் குரலை உயர்த்தாமலேயே சொன்னாள்.

"இன்னிலருந்து நீ உள்ளே. துண்டெல்லாம் சுடுதண்ணியில துவைக்கிறது உன் பொறுப்பு. இவளுக்குச் சரியாகிற வரைக்கும் முன் நாற்காலி காலியா கிடக்கட்டும். அப்புறம் இவ நிக்கட்டும்."

அவ்வளவுதான், பன்னிரண்டு வருடம் முடிந்தது. பெரியவள் கழுத்திலிருந்து நூலைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. துண்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ஆவியைச் சொல்லலாம், சொல்லிக்கொண்டாள்.

சின்னவள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். பெரியவளிடம் நான்கு நாளாகத் திறக்காத வாய் அது.

"உங்களுக்குப் பைத்தியமா அக்கா? அந்த நாற்காலி இல்லாம உங்களால இருக்க முடியாதுன்னுதானே நான் அப்படிச் சொன்னேன்? இங்க வந்த நாள்லருந்து அதை எனக்குத் தெரியும். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு பொய்யைச் சொல்லிக் காப்பாத்தினா, நீங்களே போய்க் கெடுத்துக்கிட்டீங்க. எதுக்கு? எனக்கு ஒரு நல்ல பேர் கிடைச்சாக்கூட உங்களுக்குப் பொறுக்காதா?"

பெரியவள் துண்டைப் பிழிந்து ஓரமாகப் போட்டாள். உன் மேல் பழி வருவதைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லியிருந்தால் சின்னவள் அங்கேயே அழுதிருப்பாள், எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது.

"பொறுக்காது" என்றாள் பெரியவள்.

பிறகு குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கையைக் கழுவினாள். சின்னவளின் பையிலிருந்து களிம்பை எடுத்து மூடியைத் திறந்தாள். சாயங்காலம் வரை மறந்துவிட்டு இருப்பாள், இவளை நம்ப முடியாது.

"மணி பத்தாச்சு. முகத்தைக் காட்டு."

சின்னவள் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டே நின்றாள். பிறகு முகத்தைக் காட்டினாள்.